கையடக்க ஏபிஜி மெஷின்: நீலகிரிக் குளிருக்கும் உயரத்துக்கும் தாக்குப் பிடிக்கிறதா?

ஊட்டியில் எடுத்த தமனி ரத்தத்தைக் கோவைக்கு அனுப்பி ஏபிஜி (தமனி ரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு, அமில அளவு பார்க்கும் சோதனை) பார்க்க முடியாது. சர்க்கரை, யூரியா, தைராய்டு என்றால் காலை வண்டியில் கொடுத்தனுப்பிவிட்டு சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளலாம். ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அப்படிக் காத்திருக்காது. சிரிஞ்சுக்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன, அமிலத்தை உண்டாக்குகின்றன. அதனால்தான் எடுத்த அரை மணிக்குள் மெஷினில் ஏற்றிவிட வேண்டும் என்கிறார்கள். ஊட்டியிலிருந்து கோவை ஏறத்தாழ 86 கிலோமீட்டர். வண்டி குன்னூரைத் தாண்டுவதற்குள்ளேயே அந்த அரை மணி போய்விடும்.

மலையில் இருக்கும் 20, 30 படுக்கை மருத்துவமனைக்குக் கையடக்க ஏபிஜி மெஷின் தேவைப்படுவது இதனால்தான். பழைய செங்கல் செல்போன் பருமனில் ஒரு கருவி, ஒவ்வொரு சேம்பிளுக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் ஒரு கார்ட்ரிட்ஜ், இரண்டு மூன்று சொட்டு ரத்தம், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவு. இந்த மதிப்பீடு ஒரு கம்பெனியின் மாடலைப் பற்றியது அல்ல, இந்த வகை மெஷின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்கலாம், வாங்க வேண்டும். ஆனால் சமவெளியில் டெமோ காட்டியபோது இருந்த மெஷினும் ஜனவரி மாத இரவில் ஊட்டி வார்டில் இருக்கும் மெஷினும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மெஷின் எதை அளக்கிறது, எதைக் கணக்குப் போடுகிறது

திரையில் பத்துப் பன்னிரண்டு எண்கள் வரிசையாக வரும். அவற்றில் கரியமில வாயு சம்பந்தப்பட்டவை பல. ஆனால் மெஷின் நேரடியாக அளந்தவை இரண்டே இரண்டு: பிஎச் (ரத்தத்தின் அமில-கார அளவு), பிசிஓ2 (கரியமில வாயுவின் அழுத்தம்). பைகார்பனேட், மொத்த கரியமில வாயு, பேஸ் எக்ஸஸ் (காரம் கூடுதலா குறைவா என்பதைச் சொல்லும் எண்) எல்லாம் இந்த இரண்டையும் வைத்து உள்ளே போட்ட கணக்கு. இந்த இரண்டில் ஒன்று பிசகினால் மற்ற அத்தனையும் சேர்ந்து பிசகும். பார்ப்பவருக்கோ எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவது போலத்தான் தெரியும், ஒரே மூலத்திலிருந்து வந்தவை ஆயிற்றே.

இது ஏன் இப்படி என்பதற்கு ரத்தம் கரியமில வாயுவைச் சுமக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். சும்மா படுத்திருக்கும் ஓர் ஆள் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி கரியமில வாயுவை உண்டாக்குகிறார். இதயம் அதே நிமிடத்தில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைச் சுற்றி விடுகிறது. 100 மில்லி தமனி ரத்தத்தில் மொத்தம் 48 மில்லி கரியமில வாயு இருக்கும், திரும்பி வரும் சிரை ரத்தத்தில் 52 மில்லி இருக்கும். அதாவது நுரையீரலில் இறக்கி வைப்பது வெறும் 4 மில்லிதான். மீதி 48 மில்லி எப்போதும் ரத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதுதான் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் முட்டு.

அந்த 48 மில்லியில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது வாயு வடிவில் அல்ல, பைகார்பனேட்டாக. வாயுவாகவே கரைந்திருப்பது 5 சதவீதம் அளவுக்குத்தான். இன்னொரு 5 சதவீதம் ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலி நுனிகளில் கார்பமினோவாக ஒட்டியிருக்கும். பதினொன்றாம் வகுப்பில் பைகார்பனேட் 70, கார்பமினோ 23, கரைந்தது 7 என்று படித்தவர்கள் குழம்ப வேண்டாம். அது திசுவில் புதிதாக ஏறி நுரையீரலில் இறங்கும் அந்த 4 மில்லியின் பங்கீடு. அதையே 60, 30, 10 என்று சொல்லும் நூல்களும் உண்டு. மொத்தச் சரக்கு வேறு, அன்றன்றைக்கு ஏறி இறங்கும் சரக்கு வேறு.

திசுவில் உண்டாகும் வாயு சிவப்பணுவுக்குள் நுழைந்ததும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து நொடியில் கார்பானிக் அமிலமாக்கிவிடும். 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் அந்த நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அது இல்லாவிட்டால் இந்த வினை ஆமை வேகத்தில் நடக்கும். நுரையீரல் நுண்குழாயில் சிவப்பணு தங்குவது முக்கால் நொடிதான், அந்த நேரத்தில் வேலை முடியாது. அமிலம் பிரிந்து ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும் ஆகிறது. ஹைட்ரஜனை, அப்போதுதான் ஆக்சிஜனைக் கொடுத்து முடித்த ஹீமோகுளோபின் வாங்கி வைத்துக்கொள்ளும். பைகார்பனேட் அணுவை விட்டு வெளியேறி பிளாஸ்மாவுக்குப் போகும், அதற்கு ஈடாக ஒரு குளோரைடு உள்ளே வரும். நுரையீரலில் இதெல்லாம் அப்படியே தலைகீழாக நடக்கிறது.

மெஷின் அளக்கும் பிசிஓ2 என்பது கரைந்திருக்கும் அந்தச் சின்னப் பங்கு தரும் அழுத்தம் மட்டும். 40 மி.மீ. (பாதரச அளவு) என்றால் அதை 0.03ஆல் பெருக்குங்கள், லிட்டருக்கு 1.2 மில்லிமோல். பைகார்பனேட் 24. இரண்டுக்கும் விகிதம் 20க்கு 1. அதன் லாக் 1.3. அதோடு 6.1ஐக் கூட்டினால் 7.4. ஹெண்டர்சன், ஹாசல்பால்க் பெயர்களில் வழங்கும் இந்தக் கணக்கைத்தான் கருவி உள்ளே செய்கிறது. ரிப்போர்ட்டை யாரோ கையால் எழுதி, நகல் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இதே கணக்கு நமக்கும் உதவும். பிஎச் 7.28, பிசிஓ2 60, பைகார்ப் 27 என்று வந்தால் 60ஐ 0.03ஆல் பெருக்க 1.8, 27ஐ 1.8ஆல் வகுக்க 15, லாக் ஏறத்தாழ 1.18, கூட்டினால் 7.28. சரி. அதே பிஎச்சுக்கும் அதே பிசிஓ2வுக்கும் பைகார்ப் 17 என்று எழுதியிருந்தால் யாரோ ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

மொத்த கரியமில வாயு என்ற வரியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி பைகார்பனேட். பெயரில் கரியமில வாயு இருப்பதால் அது உயர்ந்தால் மூச்சு போதவில்லை என்றும், இறங்கினால் மூச்சு அதிகம் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் எதிர்ப்பக்கமாகவும் தப்பு நடக்கும், 1952இல் கோபன்ஹேகன் போலியோ கொள்ளைநோயில் நடந்தது அதுதான். மொத்த கரியமில வாயு உயர்ந்திருந்ததைப் பார்த்து, ரத்தத்தில் காரம் கூடிவிட்டது என்று நினைத்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், இல்லை, இது மூச்சு போதாமல் வாயு தேங்கியதால் வந்தது, ரத்தம் அமிலமாக இருக்கிறது என்றார். பிஎச்சை அளந்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. தொண்டையில் குழாய் வைத்து, மாணவர்கள் முறை போட்டு பையைக் கையால் அமுக்கியே நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். நேரடியாகப் பிசிஓ2 அளக்கும் எலெக்ட்ரோடு அதன் பிறகு வந்தது. 1954இல் ஸ்டோ யோசனை சொன்னார், செவரிங்ஹாஸ் அதைச் சீர்ப்படுத்தினார். பைகார்பனேட் கரைசலை ஒரு மெல்லிய சவ்வுக்குப் பின்னால் வைப்பது, சவ்வைக் கடந்து வரும் வாயு அந்தக் கரைசலின் பிஎச்சை எவ்வளவு இறக்குகிறது என்று பார்ப்பது. உங்கள் கையில் இருக்கும் கார்ட்ரிட்ஜின் அடிப்படை யோசனையும் அதுதான். சிவப்பணுவுக்குள் நடக்கும் வினையையே சவ்வுக்குப் பின்னால் நடத்திப் பார்க்கிறார்கள்.

கார்ட்ரிட்ஜும் குளிரும்

சமவெளிக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது, மலையில்தான் வரும். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் 16 முதல் 30 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. கோவையில் மேல் எல்லைதான் தொல்லை. ஊட்டியிலோ கீழ் எல்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் விடியற்காலைகளில், கண்ணாடி ஜன்னல் சரியாகப் பொருந்தாத பழைய கட்டட வார்டு 10, 12 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். மெஷினை ஆன் செய்தால் வெப்பநிலை எல்லைக்குள் இல்லை என்று செய்தி காட்டி நின்றுவிடும். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸுக்குப் போன் போடாதீர்கள். அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

கருவியை ஹீட்டர் உள்ள ஒரு சின்ன அறையில், டியூட்டி ரூமோ லேபர் ரூமோ, நிரந்தரமாக வையுங்கள். சேம்பிளை அங்கே கொண்டுபோங்கள். படுக்கையருகே பார்க்கலாம் என்பதுதானே இதன் பெருமை என்று கேட்கலாம். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் குளிர்கால இரவில் அந்தப் பெருமையை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். இருபதடி தூரம் நடப்பதால் எதுவும் கெட்டுவிடாது. ஹீட்டர் காற்று கருவி மேல் நேராகப் படும்படி மட்டும் வைக்கக் கூடாது.

கார்ட்ரிட்ஜ் விஷயம் இன்னும் நுட்பமானது. பெரும்பாலான கம்பெனிகளின் கார்ட்ரிட்ஜை 2 முதல் 8 டிகிரி வரை பிரிட்ஜில் வைக்க வேண்டும். அறை வெப்பத்திலேயே வைக்கக்கூடிய வகையும் உண்டு. மலைக்கு அதுவே வசதி, கிடைத்தால் அதையே வாங்குங்கள். பிரிட்ஜ் வகையென்றால், ஒற்றைக் கார்ட்ரிட்ஜை உறையைப் பிரிக்காமல் வெளியே எடுத்து 5 நிமிடம் வைத்தால் போதும், முழுப் பெட்டிக்கு ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அந்த 5 நிமிடம் 18 டிகிரிக்கு மேல் உள்ள அறைக்குச் சொன்னது. 12 டிகிரி வார்டு மேசையில் 5 நிமிடம் வைத்த கார்ட்ரிட்ஜ் இன்னும் பிரிட்ஜில் இருக்கிற மாதிரிதான். உள்ளே இருக்கும் அளவுத் திருத்தத் திரவம் சூடேறாமல், மெஷின் பிழைச் செய்தி காட்டிக் கார்ட்ரிட்ஜை வீணாக்கும். பல நூறு ரூபாய் சமாச்சாரம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பைக்கூடைக்குப் போகும். பாக்கெட்டில் வைத்துச் சூடேற்றுகிறோம் என்று சிலர் செய்வார்கள். வளைந்து, நடுப்பகுதி அமுங்கி, உள்ளே இருக்கும் திரவப் பை முன்கூட்டியே உடைந்துவிடும். சூடான அறையிலேயே இரண்டு நாளுக்குத் தேவையான நாலைந்தை மட்டும் வெளியே வைத்து, ஒவ்வொன்றின் மேலும் எடுத்த தேதியை எழுதிவிடுங்கள். வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும், வகைக்கு வகை மாறும். ஒருமுறை வெளியே வந்ததை மறுபடி பிரிட்ஜில் வைக்கக் கூடாது.

சரக்கு மலையேறி வரும்போதும் கவனம் வேண்டும். கோவையிலிருந்து ஐஸ் பேக்கோடு தெர்மாகோல் பெட்டியில் வரும். ஐஸ் பேக்கை நேராகக் கார்ட்ரிட்ஜ் பெட்டியின் மேல் வைத்துக் கட்டியிருந்தால் சில உறைந்துபோயிருக்கும். உறைந்தது வெளியே பார்த்தால் தெரியாது. பெட்டியில் வெப்பநிலை காட்டும் ஒட்டுச் சீட்டு இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் நாட்கணக்கில் எதுவும் மேலே வராது. 2009 நவம்பர் மண்சரிவை மறந்தவர்கள் நீலகிரியில் யாரும் இருக்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசியிலேயே டிசம்பர் வரைக்குமான இருப்பை, காலாவதித் தேதியைப் பார்த்து, வாங்கி வைத்துவிடுங்கள்.

தப்பு நடப்பது மெஷினுக்கு வெளியே

இந்த மெஷின்கள் சொல்லும் எண் தப்பாக இருந்தால் பெரும்பாலும் காரணம் சிரிஞ்சில் இருக்கும். முக்கியமாக, ரத்தம் உறையாமல் இருக்கச் சிரிஞ்சில் போடும் ஹெப்பாரின்.

உலர்ந்த ஹெப்பாரின் உள்ள ஏபிஜி சிரிஞ்சு தனியாகக் கிடைக்கிறது. விலை கூடத்தான். ஆனால் கார்ட்ரிட்ஜுக்கு இவ்வளவு செலவழித்துவிட்டு சிரிஞ்சில் மிச்சம் பிடிப்பது கூரையை மாற்றிவிட்டு ஓட்டையை அப்படியே விட்ட கதை. திரவ ஹெப்பாரினை 2 மில்லி சிரிஞ்சில் இழுத்து, சுவரெல்லாம் நனைத்து, முழுவதும் பீய்ச்சி வெளியேற்றினாலும் ஊசியிலும் நுனியிலும் ஏறக்குறைய 0.1 மில்லி தங்கிவிடும். 2 மில்லி ரத்தம் எடுத்தால் 5 சதவீதம் நீர்த்துப்போகும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு சொட்டு இரண்டு சொட்டு போதுமே என்று அரை மில்லி மட்டும் இழுத்தால் 17 சதவீதம். ஹெப்பாரின் கரைசலில் கரியமில வாயுவும் இல்லை, பைகார்பனேட்டும் இல்லை. இரண்டும் சேர்ந்து இறங்கும். விகிதம் பெரிதாக மாறாததால் பிஎச் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 40 இருக்கவேண்டிய பிசிஓ2 33 என்றும், 24 இருக்கவேண்டிய பைகார்ப் 20 என்றும் வரும். அச்சு அசலாக, உடலே ஈடுசெய்துகொண்ட வளர்சிதை அமிலத்தன்மை மாதிரி. இல்லாத நோய்க்கு மருத்துவம் தொடங்கிவிடும். மெஷினுக்கு எவ்வளவு போதும் என்பது வேறு, சிரிஞ்சில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது வேறு.

அடுத்தது காற்றுக் குமிழி. அறைக் காற்றில் கரியமில வாயு இல்லை என்றே சொல்லலாம். அதனால் குமிழிக்குள் வாயு தப்பிப் போகும், பிசிஓ2 இறங்கும், பிஎச் ஏறும். ஆக்சிஜன் மட்டும் குமிழியின் அளவை நோக்கி நகரும், ஊட்டியில் அது 120 மி.மீ. அளவு. ஆக்சிஜன் 50 உள்ள நோயாளிக்கு 65 காட்டும். தேறிவிட்டார் என்று நினைப்போம். எடுத்த கையோடு சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, நுனியில் பஞ்சு வைத்து, குமிழியை வெளியேற்றி, மூடி போட்டுவிடுங்கள். மூடி போட்ட பிறகுதான் கலக்க வேண்டும்: உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி, இரண்டு மூன்று தரம் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் அணுக்கள் உடையும், பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

நேரம் மூன்றாவது. உடல் சூட்டிலேயே வைத்தால் ஒரு மணி நேரத்தில் பிசிஓ2 ஏறக்குறைய 5 மி.மீ. ஏறிவிடும். அறைக் குளிரில் அது மெதுவாகும், நீலகிரி செய்யும் ஒரே உதவி அது. அதற்காகப் பிளாஸ்டிக் சிரிஞ்சை ஐஸில் போடாதீர்கள். குளிர்ந்த ரத்தம் ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், பிளாஸ்டிக் சுவர் வழியாக வெளிக்காற்று ஆக்சிஜனும் உள்ளே கசியும். அரை மணிக்குள் போட்டுவிட்டால் ஐஸ் தேவையே இல்லை.

நிரப்பும்போது முதல் இரண்டு சொட்டைப் பஞ்சில் விட்டுவிடுங்கள். கார்ட்ரிட்ஜை ஓரங்களில் மட்டும் பிடித்து, சமமான மேசையில் வைத்து, துளை மேல் நுனியை வைத்து மெதுவாக அழுத்துங்கள். ரத்தம் தானாக இழுபட்டு உள்ளே ஓடும். அம்புக்குறி வரை வந்ததும் நிறுத்த வேண்டும். துளையின் குழியில் கொஞ்சம் மிச்சம் நிற்க வேண்டும், வழியக் கூடாது. மூடியை ஓரத்திலிருந்து அழுத்திப் பூட்டுங்கள், நேரே துளை மேல் அழுத்தினால் காற்று உள்ளே தள்ளப்படும். மூடி டிக்கென்று பூட்டிய சத்தம் கேட்க வேண்டும். கருவிக்குள் போட்ட பிறகு திரையில் பூட்டு அடையாளம் போகும் வரை இழுக்கவே கூடாது. அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே ஊசிகள் வளைந்து கருவியே பழுதாகும். சர்வீஸ் இன்ஜினியர் கோவையிலிருந்து வர வேண்டும்.

7,350 அடி உயரத்தில் நார்மல் என்ன?

ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சாகும் எல்லைகள் கடல்மட்டத்துக்கு உரியவை. மெஷினுக்குள் ஒரு காற்றழுத்தமானி இருக்கிறது, அது சுற்றுப்புற அழுத்தத்தைத் தானே அளந்து ஆக்சிஜன் கணக்கைச் சரி செய்துகொள்ளும். ஆனால் நார்மல் எல்லையை அது மாற்றாது. புதிதாக வந்ததும் அந்த அழுத்தமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே சுமார் 580 மி.மீ. இருக்க வேண்டும். குன்னூரில் 610 அளவு. 760 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு இதுதான். 580இலிருந்து நீராவிக்கு 47ஐக் கழித்தால் 533, அதில் 21 சதவீதம் 112. கரியமில வாயுவுக்கு உரிய பங்கையும் கழித்தால் நுரையீரல் காற்றறையில் ஆக்சிஜன் 70 அளவில் நிற்கும். ஆக, ஆரோக்கியமான ஊட்டிக்காரரின் தமனியில் 60 முதல் 65 வரை இருப்பது இயல்பு. மெஷின் அதைச் சிவப்பில் காட்டும், விரலில் மாட்டும் கருவி 92, 93 காட்டும். பயப்பட ஒன்றுமில்லை.

அதைவிட முக்கியமானது பிசிஓ2. ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட மலைவாசிகள் அறியாமலேயே கொஞ்சம் கூடுதலாக மூச்சு விடுகிறார்கள். அதனால் பிசிஓ2 35க்குச் சற்றுக் கீழே போகும், சிறுநீரகம் அதற்கேற்பப் பைகார்பனேட்டையும் இரண்டு மூன்று புள்ளி இறக்கி வைக்கும். ஊட்டியில் பிசிஓ2 33, பைகார்ப் 21 என்று வந்தால் அது நோய் இல்லை. ஆனால் மூச்சிரைப்போடு வந்த ஆஸ்துமாக்காரருக்குப் பிசிஓ2 42 என்று வந்தால், மெஷின் நார்மல் என்று பச்சையில் காட்டும். அது நார்மலே அல்ல. வேகமாக மூச்சு வாங்குகிறவருக்கு அது 30க்குக் கீழே இருக்க வேண்டும். 42 என்றால் ஆள் களைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இந்த மெஷினின் மிக மோசமான குறையாக இதையே சொல்வோம். நல்லவேளையாக, பெரும்பாலான மாடல்களில் நார்மல் எல்லைகளை நாமே மாற்றி அமைக்கலாம். இன்ஜினியர் நிறுவ வரும் அன்றே அதைச் செய்யச் சொல்லுங்கள், மருத்துவரின் கையெழுத்தோடு. கூடலூர் 1,100 மீட்டருக்குள்தான், அங்கே அந்த அளவுக்கு மாற்ற வேண்டியதில்லை.

காலங்காலமாக விறகுப் புகையில் சமைத்து நுரையீரல் கெட்ட பாட்டிமார்களுக்கு இந்தக் கருவி வரப்பிரசாதம். அவர்களில் சிலருக்குப் பிசிஓ2 55, 60 என்று நிரந்தரமாகவே இருக்கும், பைகார்பும் ஏறி பிஎச்சைச் சமாளித்திருக்கும். மலையேறி வந்த ஆம்புலன்ஸில் மாஸ்க் போட்டு 10 லிட்டர் ஆக்சிஜன் திறந்துவிட்டால், ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, பிடித்து வைத்திருந்த கரியமில வாயுவை விட்டுவிடும். ஹால்டேன் விளைவு என்பது இதுதான். நுரையீரலில் காற்று சரியாகப் போகாத இடங்களுக்கும் ரத்தம் திருப்பிவிடப்படும். இரண்டும் சேர்ந்து பிசிஓ2 80க்கு ஏறி, பாட்டி தூங்குவது போல மயங்கிவிடுவார். விரல் கருவி 99 காட்டிக்கொண்டே இருக்கும். விரல் கருவியில் ஆக்சிஜனை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்து, 20, 30 நிமிடம் கழித்து மறுபடி ஒரு கார்ட்ரிட்ஜ் போட்டுப் பாருங்கள். பைபாப் (முகமூடி வழியாக அழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) போடுவதா கோவைக்கு அனுப்புவதா என்ற முடிவு அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. பூச்சிமருந்து குடித்து வந்தவர்களுக்கும் இதே கதைதான்: மூச்சுத் தசை தளர்வதை ஆக்சிஜன் அளவு காட்டிக்கொடுப்பதற்கு முன்பே பிசிஓ2 காட்டிக்கொடுத்துவிடும்.

இதை நம்பி ஏமாறக் கூடாத இரண்டு இடங்கள்

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கி, காலையில் எழுப்ப முடியாமல் கொண்டுவரப்படுகிறவர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்காலத்தில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அது கார்பன் மோனாக்சைடு. கரியமில வாயு ஹீமோகுளோபினின் புரத நுனியில் ஒட்டும், மோனாக்சைடோ இரும்பிலேயே, ஆக்சிஜன் உட்காரும் இடத்தில், 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். கையடக்க மெஷின்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் செறிவை (ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதத்தை) அளப்பதில்லை, கரைந்த ஆக்சிஜனை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. கரைந்த ஆக்சிஜன் நன்றாகவே இருக்கும். ஆகவே திரையில் நல்ல எண், படுக்கையில் மயங்கிய ஆள். அதைக் கண்டுபிடிக்க, ஹீமோகுளோபினில் எது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நேராக அளக்கும் கோ-ஆக்ஸிமீட்டர் உள்ள பெரிய மெஷின் வேண்டும். அது இல்லையென்றால் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டு முழு ஆக்சிஜனைத் தொடங்கிவிடுங்கள், எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள்.

மற்றொன்று அரிவாள் அணு நோய். நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த ஹீமோகுளோபின் இருப்பதை லேமான், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே எழுதிவிட்டார்கள். இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடும் தன்மையுள்ளது. மெஷின் சாதாரண ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதால் செறிவைக் கூட்டிச் சொல்லும். பிஎச், பிசிஓ2, ஆக்சிஜன் அழுத்தம் மூன்றையும் நம்பலாம், செறிவு வரியை மட்டும் விட்டுவிடுங்கள். மின்கடத்தல் முறையில் சொல்லும் ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அப்படித்தான். சலைன் நிறைய ஏறிய, புரதம் குறைந்த நோயாளிக்கு அது இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். அதை மட்டும் பார்த்து ரத்தம் ஏற்ற முடிவெடுக்காதீர்கள்.

பெரிய மெஷின் வேண்டாமா?

ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் சேம்பிள் வந்தால் மேசை மெஷின்தான் லாபம், கோ-ஆக்ஸிமீட்டரும் கூடவே கிடைக்கும். ஆனால் அதன் ரீஏஜென்ட் (சோதனைத் திரவ) பேக்கை ஒருமுறை பொருத்திவிட்டால், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட நாளில் காலாவதி ஆகிவிடும். வாரத்துக்கு நாலைந்து சேம்பிள் வரும் இடத்தில் பாதிக்கு மேல் வீண். கரண்ட் போனால் மறுபடி அளவுத் திருத்தம் செய்துகொள்ள நேரம் எடுக்கும், அதுவும் ரீஏஜென்ட்டைத் தின்னும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எத்தனை தரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவி இங்கே தெளிவாக முந்துகிறது.

தரக் கட்டுப்பாட்டுக்கு ஆம்பியூல் திரவம் தருவார்கள். அதை அறை வெப்பத்துக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் போதாது, நாலு மணி நேரம் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அதற்கும் சூடான அறைதான். நன்றாகக் குலுக்கி, உடைத்த உடனே கார்ட்ரிட்ஜில் விடுங்கள். உடைத்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அதிலுள்ள கரியமில வாயு காற்றில் போய்விடும். பிசிஓ2 குறைவாக வரும், மெஷின் மேல் பழி விழும்.

தமனியைக் குத்துவதைக் குறைக்க ஒரு வழி உண்டு. மூச்சு போதுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் தமனியைக் குத்தவே வேண்டாம், கையில் கட்டும் பட்டையை இறுக்கி வைக்காமல் எடுத்த சிரை ரத்தமே போதும். சிரையில் பிசிஓ2 தமனியைவிட 5 மி.மீ. அளவு கூடுதலாகவும் பிஎச் 0.03 அளவு குறைவாகவும் இருக்கும். சிரையிலேயே 45க்குக் கீழே இருந்தால் கரியமில வாயு பெரிதாகத் தேங்கவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். 45க்கு மேலே போனால் அப்போது மணிக்கட்டில் தமனியைத் தேடுங்கள். அந்த இரண்டாவது சேம்பிளுக்குத் தேவைப்படும் கார்ட்ரிட்ஜ் சூடான அறையில், தேதி எழுதி, தயாராக இருக்கட்டும்.